காஸோ கரண்டோ

டிசம்பர் 27

ஃபேர்னஸ் போய்விட்டது. இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து கீழே பேஸ்மென்றில் கிடந்து, ஒரு குறையும் சொல்லாமல் சூட்டுக் காற்றை ஊதிக்கொண்டிருந்த பெட்டி. காலையில் எழும்பும்போது மூக்கு நுனி விறைத்திருந்தது. காஸ் கம்பனிக்கு அறிவித்தேன். வந்தவன் ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே தகடு வெடித்திருக்கிறது, நச்சு வாயு வீட்டுக்குள் வரும், இனி இதைப் போடவே கூடாது என்றான். காஸைப் பூட்டிவிட்டு ஒரு சிவப்பு மட்டையையும் கட்டித் தொங்கவிட்டுப் போனான்.

கனடாவில், ஸ்காபரோவில், டிசம்பரில், சூடில்லாத வீடு. நல்ல நேரம் பார்த்துத்தான் செத்திருக்கிறது.

கரண்டில் வேலை செய்யும் சின்ன ஹீற்றர் இரண்டு வாங்கி வந்தேன். ஒன்று பேஸ்மென்றில், தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க. மற்றது என் அறையில், நான் உறையாமல் இருக்க. மலருக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவளுக்கு எதற்கு இந்தக் கவலை.

டிசம்பர் 29

புதிதாக எதைப் போடுவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். முன்பு போல் காஸ் ஃபேர்னஸா, அல்லது இப்போது எல்லாரும் சொல்லும் கரண்ட் ஹீற் பம்பா? எங்கள் தெருவிலேயே இருக்கும் பரராசசிங்கம் காஸ்தான் என்று சத்தியம் செய்கிறார். கோயிலில் சந்தித்த இன்னொருவர், காஸ் போடுகிறவன் மடையன் என்கிறார். ஆளுக்கொரு கதை. பரராசசிங்கத்தின் வீட்டில் காஸ், மற்றவர் வீட்டில் கரண்ட். தான் கட்டின பெண்டாட்டியை யார் குறை சொல்வான்?

நான் ஒரு சோடி செருப்பு வாங்கவும் மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள். மலர் சிரிப்பாள். "என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கையும் இன்னும் ரெண்டு வீடு பாத்திட்டுத்தானே வந்தனீங்கள்." பார்த்தேன்தான். அதனால்தான் சரியாகத் தெரிந்தெடுத்தேன்.

டிசம்பர் 30

கிருபாகரன் வந்து வீட்டைப் பார்த்தார். ஃபேர்னஸ், ஏசி பூட்டுகிற எங்கள் ஆள். நாற்பது வயது இருக்கும். மேலும் கீழும் நடந்து அளந்தார். பிறகு குசினி மேசையில், ஜாக்கெற்றைக் கழற்றாமலே இருந்து சொன்னார்.

"அங்கிள், காஸ் எண்டால் லேசு. லைன் ஏற்கனவே வீட்டுக்கை இருக்கு. பழசைக் கழட்டிப் புதுசைப் பூட்ட ஒரு நாள் காணும். நாளைக்கே எண்டாலும் செய்வன். காத்தும் நல்ல கொதியா வரும்."

"கரண்ட்?"

"ஹீற் பம்ப் வெளியிலை இருக்கிற காத்திலையிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளுக்கை தாறது. நெருப்பே இல்லை, புகையில்லை. ஆனா காத்து மெல்லிய சூடாத்தான் வரும். கடும் குளிருக்கு உள்ளை இன்னொரு கரண்ட் ஹீற்றரும் துணைக்குப் போடவேணும். அதுக்கு உங்கடை கரண்ட் பெட்டி தாங்காது. பெட்டியை மாத்தவேணும், பெர்மிற் எடுக்கவேணும், இன்ஸ்பெக்டர் வரவேணும். ரெண்டு மூண்டு கிழமை எண்டு வையுங்கோ."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஊரில் மின்சார சபையில் வேலை பார்த்தவன் நான். கரண்டின் குணமும் தெரியும், குற்றமும் தெரியும். பதறாத காரியம் சிதறாது.

ஜனவரி 1

வெளியே மைனஸ் பதினான்கு. மலருக்கு ஒரு ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளை சாப்பிட்டாள்.

ஜனவரி 3

டொக்ரர் நல்ல செய்தி சொன்னார். மலரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமாம். மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள், இனி அது தேவையில்லையாம். வலிக்கு மட்டும் ஒரு மருந்து. தாதி வீட்டுக்கே வருவாவாம். ஆஸ்பத்திரிக் கட்டிலையும் கொண்டுவந்து வரவேற்பறையில் போட்டுத் தருவார்களாம். மூச்சுக்கு ஒக்சிசன் மெசினும் வருமாம். இவ்வளவு வசதியும் செய்து தருகிற நாட்டைக் குறை சொல்ல முடியாது.

மகள் சுகிர்தா அறைக்கு வெளியே போய் நின்று அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வீட்டு ஒழுங்குகளைப் பார்க்கிற பெண் ஒருத்தி வந்து ஒவ்வொன்றாக விசாரித்தாள். படி இருக்கிறதா, குளியலறை கீழே இருக்கிறதா, வீடு சூடாக இருக்கிறதா? சூடு இப்போதைக்கு இல்லை, ஏற்பாடு நடக்கிறது என்றேன். அப்படியென்றால் சூடு வந்த அன்றைக்கே அறிவியுங்கள், உடனே அனுப்பிவிடுகிறோம் என்றாள்.

உடனே என்ற சொல்லை இவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள்.

ஜனவரி 5

சுகிர்தாவுடன் வாக்குவாதம். வேலை முடிந்து நேரே வந்தவள், வீட்டுக்குள் நுழைந்ததும் ஜாக்கெற்றின் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பேசும்போது அவள் வாயிலிருந்து ஆவி வந்தது.

"அப்பா, கிருபா அண்ணைக்கு நான் ஃபோன் பண்ணினனான். காஸ் எண்டால் நாளைக்கே பூட்டலாமாம். நீங்கள் இன்னும் மறுமொழி சொல்லேல்லையாம். ஏன்?"

"ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கவேணும் பிள்ளை. ஒருக்காப் போட்டால் இருபது வரியத்துக்கு இருக்கிற சாமான்."

"இருபது வரியமோ?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவை நினைச்சுப் பாருங்கோ," என்றாள்.

அம்மாவை நினைத்துத்தான் பார்க்கிறேன். ஒக்சிசன் மெசின் வரப்போகிற வீட்டில் காஸ் நெருப்பு எரியலாமா? இதை யாராவது யோசித்தார்களா? அதோடு இது மார்கழி மாதம். மார்கழியில் வீட்டில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. இதைச் சொன்னதும் சுகிர்தா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நீங்களோ அப்பா மார்கழி பாக்கிறது? அம்மா பஞ்சாங்கத்தைப் பாத்தால் நக்கலடிக்கிற ஆள் நீங்கள்."

வயது போகப் போகத்தான் இதுகளின் அருமை தெரியும் என்றேன். தை பிறந்தால் வழி பிறக்கும்.

தன்னுடைய அப்பார்ட்மென்றுக்கு அம்மாவைக் கொண்டுபோவதாகச் சொன்னாள். இரண்டு அறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அதையும் போய்க் கேட்டிருக்கிறாள். மலர் ஒரே சொல்லில் மறுத்துவிட்டாளாம். "என்ர வீட்டைதான் போகவேணும்."

ஜனவரி 8

வாசித்த விபரங்கள். காஸ்: காற்று கொதிக்கும், வீடு கெதியில் சூடாகும், தோல் வறளும், நெருப்பு இருக்கும். கரண்ட்: ஒரே சீரான சூடு, சத்தம் குறைவு, நெருப்பில்லை, கோடையில் அதுவே ஏசி. கரண்ட் நின்றால் இரண்டும் நிற்கும், ஏனென்றால் காஸ் பெட்டியின் காற்றாடிக்கும் கரண்ட் வேண்டும். இதைப் பரராசசிங்கத்திடம் சொன்னேன். அவருக்கு அது இவ்வளவு காலமும் தெரியாது. கொஞ்சம் சந்தோசமாக இருந்தது.

பேஸ்மென்றில் ஒரு குழாய் உறைந்துவிட்டது. தலைமுடி காயவைக்கும் மெசினைப் பிடித்து இளக்கினேன். மலருடைய மெசின். அதன் வாய்க்கம்பியில் அவளுடைய முடி ஒன்று சுற்றியிருந்தது. நரைத்த முடி, நீளமானது. மருந்து தொடங்குவதற்கு முந்தியது.

ஜனவரி 11

மலர் இன்று கண் திறக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து பேப்பர் வாசித்தேன்.

ஜனவரி 15

தைப்பொங்கல்.

மலர் ஒவ்வொரு வருடமும் கராஜ் கதவைத் திறந்து வைத்து, சின்னக் காஸ் அடுப்பில்தான் பொங்குவாள். வெளியே பனி கொட்டும். இவள் ஜாக்கெற்றுக்கு மேல் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பானைக்குப் பக்கத்தில் நிற்பாள். குசினியில் கரண்ட் அடுப்பு சும்மா கிடக்கிறதே என்றால் காது கொடுக்கமாட்டாள். "நெருப்பைக் காணாத பொங்கல் பொங்கலே? சூரியனுக்குச் செய்யிறது, சுவிச்சிலை செய்யேலாது."

இந்த வருடம் நான் பொங்கினேன். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. நல்ல சகுனமாம். அடியில் பிடித்துவிட்டது. அது எந்தச் சகுனம் என்று தெரியவில்லை.

ஃபிளாஸ்கில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மலர் நுனி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "பிடிச்சுப்போச்சு," என்றாள். அவ்வளவு மெல்லிய குரலிலும் குறை கண்டுபிடிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சுகிர்தாவும் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தோம்.

ஜனவரி 16

முடிவெடுத்துவிட்டேன். கரண்ட்.

கிருபாகரனுக்கு அறிவித்தேன். "அங்கிள், அன்ரி வீட்டை வரவேணும் எண்டு சுகிர்தா சொன்னவ. கரண்ட் எண்டால் இழுபடும். யோசிச்சனீங்கள்தானே?" என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். சரி, நாளைக்கே வந்து பழசைக் கழற்றுகிறேன் என்றார்.

குசினியில் தொங்கும் கோயில் கலண்டரைப் பார்த்தேன். நாளை தை மூன்றாம் நாள். கரிநாள். கரிநாளில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 19

பழைய ஃபேர்னஸைக் கழற்றி வெளியே கொண்டுபோனார்கள். அது நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். காற்று போகும் தகரக் குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன.

கரண்ட் பெட்டியைத் திறந்தால், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். உள்ளே ஓடும் வயர் பழைய அலுமினியமாம். அதற்கும் ஒரு வேலை இருக்கிறதாம், இன்னும் சில நாள் கூட எடுக்குமாம். கிருபாகரன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். நான் கோபிக்கவில்லை. ஆறுதலாகச் செய்யுங்கோ தம்பி என்றேன்.

ஜனவரி 22

மலர் இன்று தெளிவாக இருந்தாள். நான் போகும்போது தலையணையில் சாய்ந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு சொக்ஸ் போட்டும் ஐஸ்.

"இஞ்சாருங்கோ. வீட்டிலை சூடு வந்திட்டுதே?"

சுகிர்தா சொல்லியிருக்கிறாள். "வரப்போகுது. கரண்ட் வேலை முடியவேணும். பேந்து இன்ஸ்பெக்டர் வந்து பாக்கவேணும்."

"காஸ் எண்டால் அடுத்த நாளே வந்திருக்குமாமே."

"ஒக்சிசனும் நெருப்பும் ஒரு வீட்டுக்கை கூடாது மலர்."

"பிள்ளை தாதியிட்டைக் கேட்டவள். பெட்டி கீழை மூடிக்கிடக்கு, அது ஒண்டும் செய்யாதாம். உங்களுக்கும் சொன்னவளாமே."

சொன்னவள்தான். இங்கே அதை எழுத மறந்துபோனேன்.

"காஸ் சூடுதான் சூடு," என்றாள். "குளிச்சிட்டு வந்து குசினி யன்னலடி வென்றிலை ஏறி நிண்டால், உள்ளங்கால் சுடும். அப்பிடியே உச்சி வரைக்கும் ஏறும்."

தரையில் சூட்டுக் காற்று வருகிற அந்தத் துவாரத்தில்தான் அவள் தினமும் நின்று தலை உலர்த்துவாள். சேலை பலூன் மாதிரி ஊதும். நான் கேலி செய்வேன்.

பிறகு என் கையைப் பிடித்தாள். பிடி இல்லை, மேலே வைத்தாள்.

"நான் வீட்டை வந்தால் செத்துப்போவன் எண்டு பயப்பிடுறியள். அதுதான் இழுத்தடிக்கிறியள்."

"விசர்க்கதை கதையாதையும்."

"இஞ்சை கிடந்தாலும் அதுதான் நடக்கும். அங்கை எண்டால் கால் சூடா இருக்கும்."

வலி மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். அந்த மருந்துக்கு ஆட்கள் என்னென்னவோ பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தரிப்பு தாண்டிப்போய்விட்டது. கடைசித் தரிப்பு வரை போய், றைவர் எழுப்பிய பிறகுதான் இறங்கினேன். நான் நித்திரை கொள்ளவில்லை.

ஜனவரி 23

விடிந்ததும் கிருபாகரனுக்கு ஃபோன் செய்தேன். தம்பி, கரண்ட் வேண்டாம், காஸே போடுங்கோ, இண்டைக்கே போடுங்கோ என்றேன்.

"அங்கிள்," என்றார், "ஹீற் பம்புக்கு ஏத்த மாதிரித் தகரக் குழாயெல்லாம் வெட்டிப்போட்டன். காஸ் லைனும் அடைச்சாச்சு. இனித் திருப்பிக் காஸுக்கு மாத்திறதெண்டால் அதுக்கும் ஒரு பெர்மிற், அதுக்கும் ஒரு கிழமை. இப்ப கரண்டுதான் கெதி."

அப்படியென்றால் அதையாவது கெதியில் முடியுங்கோ என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவரைக் கெஞ்சினேன். பெட்டி மாற்றுகிற ஆளின் இலக்கத்தை வாங்கி அவரையும் கெஞ்சினேன்.

ஜனவரி 25

கரண்ட் பெட்டி மாற்றுகிற ஆள் வந்தார். வெளியில் பம்ப் வைக்கக் கிருபாகரனும் வந்தார். கலண்டரில் இன்றும் கரிநாள் போட்டிருக்கிறது. கிருபாகரன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தொடங்குங்கோ," என்றேன்.

வேலை முடியும்வரை வீட்டில் கரண்ட் இல்லை. ஹீற்றரும் இல்லை. ஜாக்கெற்றும் தொப்பியும் போட்டுக்கொண்டு குசினியில் இருந்தேன். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் வழியில்லை. கராஜில் போய்ப் பொங்கல் அடுப்பை மூட்டித் தண்ணீர் கொதிக்க வைத்தேன். நெருப்புக்குக் கையைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மலர் சொல்வது பொய்யில்லை, நெருப்பு நெருப்புத்தான்.

ஜனவரி 26

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தார். பின்னேரம் கிருபாகரன் சுவரில் இருந்த பொத்தானை அமத்தினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தரைத் துவாரங்களில் இருந்து தூசு மணத்தோடு காற்று வந்தது. மேசையில் வைத்திருந்த பேப்பரின் ஓரம் அசைந்தது.

"இருபத்திரண்டிலை விட்டிருக்கிறன் அங்கிள். அன்ரிக்கு அது காணும்."

ஆஸ்பத்திரிக்கு அறிவித்தேன். நாளை பின்னேரம் அம்புலன்சில் கொண்டுவந்து விடுவார்களாம். கட்டில் வந்து இறங்கிவிட்டது. வரவேற்பறையில் போட்டால் அவளுக்கு ரிவிதான் தெரியும். குசினி யன்னல் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னேன். சுகிர்தா புது விரிப்பு விரித்தாள். கால்மாட்டில் மலருடைய கம்பளிச் சால்வையை மடித்து வைத்தேன்.

ஜனவரி 27

அம்புலன்ஸ் வரவில்லை. காலையில் இருந்து மலருக்கு நினைவில்லை. அசைக்கக் கூடாது, வழியில் போய்விடுவா என்றார் டொக்ரர். நான் அவருடன் சண்டை பிடித்தேன். வீடு சூடாக இருக்கிறது, இருபத்திரண்டு, வந்து பாருங்கள் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மலரின் காலை என் மடியில் வைத்துத் தேய்த்தேன். சூடு ஏறவில்லை.

ஜனவரி 28

போய்விட்டாள்.

ஜனவரி 30

வீடு நிறைய ஆட்கள். கதவடியில் சப்பாத்துகள் மலை மாதிரிக் குவிந்து கிடக்கின்றன. எல்லாரும் வந்து என் கையைப் பிடிக்கிறார்கள். ஜாக்கெற்றைக் கழற்றுகிறார்கள். பிறகு சுவெற்றரையும் கழற்றுகிறார்கள். அந்தக் கட்டிலில் யாரும் இருக்கவில்லை.

பரராசசிங்கம் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பேச்சுக்கு ஒன்றைத் தேடித் தரைத் துவாரத்துக்கு மேலே கையைப் பிடித்தார். பாவம், நல்ல மனிசன்.

"வீடு நல்ல இதமா இருக்கு அண்ணை. கடைசியா எது போட்டனீங்கள், காஸோ கரண்டோ?"

நான் சொல்லத் தொடங்கினேன். வெளிக்காற்றிலிருந்து எப்படிச் சூட்டை எடுக்கிறது, சத்தம் எவ்வளவு குறைவு, கோடையில் எப்படித் திரும்பி வேலை செய்யும், கடும் குளிருக்கு என்ன துணை. பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பிக் கேட்டார்கள். நிறுத்த முடியவில்லை. அலுமினிய வயர்வரை வந்துவிட்டேன். சுகிர்தா வந்து என் தோளில் கைவைத்து, "காணும் அப்பா," என்றாள்.

பெப்ரவரி 1

எங்களுக்கு மகன் இல்லை. மருமகன் கிரியை செய்யலாம் என்றார் ஐயர். நான்தான் செய்வேன் என்றேன்.

தேவாரம் பாடி, வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் என்னையும் சுகிர்தாவையும் உள்ளே கூட்டிப்போனார்கள். இரும்புக் கதவு. பக்கத்தில் ஒரு பொத்தான். ஊரில் என்றால் கொள்ளி. இங்கே பொத்தான். சுவிச்சிலை செய்யேலாது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. கை அதன் மேல் போகவில்லை.

அங்கே நின்ற வெள்ளைக்காரரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். இது காஸோ கரண்டோ?

அவர் திடுக்கிட்டுப் போனார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பிறகு மரியாதையாக, காஸ் என்றார்.

"அம்மாவுக்குக் காஸ் சூடுதான் பிடிக்கும்," என்று சுகிர்தாவிடம் சொன்னேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டு பேருமாக அமத்தினோம்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். சுகிர்தா தானும் வந்து நிற்பதாகச் சொன்னாள். பிள்ளைகள் காத்திருக்கும், போ என்று அனுப்பிவிட்டேன். கட்டிலை நாளை வந்து எடுப்பார்கள்.

ஈரக் காலோடு போய், குசினி யன்னலடி வென்றில், மலர் நிற்கிற இடத்தில் ஏறி நின்றேன். சுவரில் இருபத்திரண்டு என்று காட்டுகிறது. சத்தமே இல்லாமல் காற்று வருகிறது. நெடுநேரம் நின்று பார்த்தேன்.

உள்ளங்கால் சுடவில்லை.